கீரையில் வந்த எமன்

தஞ்சாவூர்ச் சீமையில் மரக்கறிச் சாப்பாட்டுக்காரனான எனக்குப் பன்றி நாடாப்புழுவோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியைத் தின்றவன் குடலில் புழு வளரும். அவனுக்கு அதனால் பெரிய உபத்திரவம் இல்லை. அவன் கொல்லைக்குப் போன இடத்தில் கிடக்கும் முட்டைதான் எமன். கீரையோடோ, கழுவாத கையோடோ அது நம் வயிற்றுக்குள் போனால் குஞ்சு மூளையில் கூடு கட்டும், பிறகு காக்காய்வலிப்பு.

இந்தியாவில் முதலில் 1888-ல், சென்னையில், வலிப்பு கண்டு இறந்த ஒரு கூலியாளிடம் இதைக் கண்டார்கள். பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். 1961-ல் லண்டனில் 450 நோயாளிகளின் கணக்கு வெளியாயிற்று. பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தவர்கள். தொற்றியதிலிருந்து வலிப்பு வரச் சராசரி சுமார் 5 வருஷம் என்று அதில் தெரிந்தது. சிப்பாய் கப்பலேறிய தேதி சர்க்காரிடம் இருந்ததே! நம் கூலியாளுக்கு ஏது தேதி?

இப்போது கணித நிபுணர்கள் மனிதன், பன்றி, மறுபடி மனிதன் என்று சங்கிலி போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு புழு தன் இடத்தில் சராசரியாக ஒன்றுக்கும் குறைவாக விட்டுப் போனால் வம்சம் அற்றுவிடும். பன்றிக்குத் தடுப்பூசி ஹைதராபாத்திலேயே தயாராகியிருக்கிறது. ஆனால் அதைப் போட்டபின்னும் மனிதர் குடலில் இருக்கும் கிழட்டுப் புழு சில வருஷம் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும். அவர்களுக்கும் மாத்திரை கொடுத்தாக வேண்டும்.