பத்து அங்குலப் பெட்டி: குட்டி லேப்டாப்பின் கதை

எங்க மாமா வேம்பாரில் கருப்பட்டி வாங்கி விற்கிறவர். 2010இல் தூத்துக்குடிக்குப் போய் ஒரு குட்டி லேப்டாப் வாங்கி வந்தார். பத்து அங்குலத் திரை, ஒரு ஜிபி நினைவகம், 160 ஜிபி வன்தட்டு, விண்டோஸ் எக்ஸ்பி. கணக்கு எழுதத்தான் வாங்கினார், ஆனால் மூணு மாசம் சீட்டாட்டம் ஆடினார், அப்புறம் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டார். போன வருஷம் நான் பி.காம். இரண்டாம் வருஷம் முடிக்கும்போது, "உனக்கு ஆகுமா பாரு, ஆகலைன்னா ஆக்கர் கடைக்காரனுக்குப் போட்டுடலாம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

அதை ஓடவைக்கப் போய்தான் இந்தச் சாதனத்துக்கு இவ்வளவு கதை இருப்பது தெரிந்தது. வகுப்பில் சொன்னால் ரெண்டு நிமிஷத்தில் கொட்டாவி விடுகிறார்கள். ஆகவே எழுதிவிடுகிறேன் :-)

முதலில் ஒரு வாத்தியார். பெயர் நிக்கோலஸ் நெக்ரோபான்டி, எம்.ஐ.டி. மீடியா லேபை உருவாக்கியவர்களில் ஒருவர். 2005 ஜனவரியில் டாவோஸில் "நூறு டாலரில் குழந்தைக்கு ஒரு லேப்டாப்" என்றார். அப்போது சாதாரண லேப்டாப்பே நம்ம ஊரில் நாற்பது, ஐம்பதாயிரம். சிரித்தவர்கள் நிறைய. ஆனால் அவர் குழு செய்த பெட்டியை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எக்ஸ்ஓ-1 என்று பெயர், பச்சையும் வெள்ளையும். ஏழரை அங்குலத் திரை, மேரி லூ ஜெப்சன் வடிவமைத்தது. வெயிலில் வைத்தாலும் எழுத்து தெரியும். விசைப்பலகை ஒரே ரப்பர் விரிப்பு, இடுக்கே கிடையாது. சுழலும் வன்தட்டு இல்லை, ஃபிளாஷ் நினைவகம்தான். ரெண்டு முயல் காது மாதிரி ஆன்டெனா. மடக்கினால் அதுவே யுஎஸ்பி துளைகளுக்கு மூடி.

கடற்கரையில் வீடு இருப்பவனுக்குத்தான் அந்த மூடியின் அருமை தெரியும். எங்க ஊரில் உப்புக்காற்று எதையும் விடாது. சைக்கிள் செயின், கேட் கொண்டி, டிவி ரிமோட்டின் ஸ்பிரிங், எல்லாம் துரு. மாமாவின் லேப்டாப்பில் ரெண்டு யுஎஸ்பி துளை செத்துக் கிடந்ததும் இதனால்தான்.

நூறு டாலர் கணக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. 2007 நவம்பரில் உற்பத்தி தொடங்கியபோது ஒரு பெட்டி 190 டாலரை ஒட்டி நின்றது. இந்தியா அதற்கு முன்னாடியே, 2006இல், வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குழந்தைக்கு லேப்டாப் கொடுப்பதைவிட வகுப்பறையும் வாத்தியாரும் முக்கியம் என்பது மனிதவள மேம்பாட்டுத் துறையின் வாதம். அதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதே துறை 2009 பிப்ரவரியில் திருப்பதியில் "பத்து டாலர் லேப்டாப்" என்று ஒன்றைக் காட்டியது பாருங்கள்! ஐந்நூறு ரூபாய்க்கு லேப்டாப் என்று நாடே எட்டிப் பார்த்தது. வெளியே வந்தது திரையும் இல்லாத, விசைப்பலகையும் இல்லாத ஒரு பெட்டி. அதற்கு அப்புறம் 2011 அக்டோபரில் ஆகாஷ் டேப்லெட், ஏழு அங்குலம். அதுவும் நினைத்தபடி மாணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

நம்ம பக்கம் இதற்கும் முன்னாடியே முயன்றவர்கள் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சேர்ந்து செய்த சிம்ப்யூட்டர். கையடக்கக் கணினி, லினக்ஸில் ஓடும். 2004இல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது ஆரம்ப விலை பத்தாயிரத்தை ஒட்டி. அந்த விலையைக் கொடுக்கக்கூடியவனுக்கு அது தேவைப்படவில்லை, தேவைப்பட்டவனிடம் அந்த விலை இல்லை. மார்க்கெட்டிங் பாடத்தில் இதைத்தான் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம்.

சரி, வியாபாரம் எங்கே நடந்தது? தைவானில். ஆசுஸ் கம்பெனி 2007 ஜூனில் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஈ பிசி 701ஐக் காட்டியது. அக்டோபரில் விற்பனை. ஏழு அங்குலத் திரை, 800க்கு 480 புள்ளிகள். 512 எம்பி நினைவகம், 4 ஜிபி ஃபிளாஷ், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. 199 டாலர் என்று ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் அமெரிக்காவில் 399க்கு விற்றார்கள். அப்படியும் அள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தைகளுக்காக யோசித்த சாமானை, வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி வைத்திருந்த பெரியவர்கள் ரெண்டாவதாக வாங்கினார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்தியாவில் எச்சிஎல் 2008 ஜனவரியில் மைலீப் எக்ஸ் என்று ஏழு அங்குலப் பெட்டியை 13,990 ரூபாய்க்கு விட்டது. அப்போது அது பெரிய செய்தி.

இந்தப் பெட்டிகளை வாங்கியவர்கள் வாங்கியபடி வைத்திருக்கவில்லை. 701இல் வந்த சாண்ட்ரோஸ் லினக்ஸ், பெரிய பெரிய படங்களோடு நர்சரி ஸ்கூல் பலகை மாதிரி இருக்கும். அதை மாற்றி முழு டெஸ்க்டாப் கொண்டுவருவது முதல் வேலை. 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் சில்லை ஆசுஸ் 630இல்தான் ஓடவிட்டிருந்தது; அதை ஏற்றுவது ரெண்டாவது. அடியில் ஒரு சின்னக் கதவைத் திறந்து 512 எம்பியை எடுத்துவிட்டு 2 ஜிபி போடுவது மூன்றாவது. இன்னும் சிலர் உள்ளே தொடுதிரை, யுஎஸ்பி ஹப் எல்லாம் வைத்துப் பற்றவைத்தார்கள். கதவைத் திறந்து பார்க்க அனுமதித்தால் ஆட்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். கதவே இல்லை.

மைக்ரோசாஃப்டுக்கு இது தலைவலி. விஸ்டா இந்தக் குட்டிப் பெட்டிகளில் நகராது. லினக்ஸ் ஜம்மென்று ஓடுகிறது. ஆகவே 2008 ஜூனோடு கடையில் நிறுத்துவதாக இருந்த எக்ஸ்பியை, மலிவு லேப்டாப்புகளுக்கு மட்டும் 2010 வரை நீட்டித்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: திரை, நினைவகம், வன்தட்டு, எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு. மலிவு உரிமம் வேண்டும் என்றால் பெட்டி சின்னதாகவே இருக்கணும். எங்க மாமா பெட்டியில் ஏன் சரியாக 1 ஜிபியும் 160 ஜிபியும் இருந்தது என்பது இதைப் படித்தபோதுதான் புரிந்தது. அவர் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். கடைக்குப் போய் "இதுவா அதுவா" என்று அரை நாள் நின்றாராம். எல்லாம் ஒரே அளவுதான். தேர்வு என்றோ வேறெங்கோ முடிந்துவிட்டது.

2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இதைவிட மோசம். அதில் திரைப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது! காசு கொடுத்து வாங்கிய பொருளில் நம்ம ஊர்ச் சர்ச்சின் படத்தைப் போட முடியாது என்றால் என்ன அர்த்தம்?

அப்புறம் திரை வளர்ந்தது. 2008க்குள்ளேயே ஏழு, 8.9, பத்து. விலையும் சேர்ந்து வளர்ந்தது. 2010 ஏப்ரலில் ஐபேட். 2013 தொடங்கும்போது ஆசுஸும் ஏசரும் நெட்புக் செய்வதை நிறுத்திவிட்டன. அஞ்சு வருஷக் கதை.

தமிழ்நாட்டில் அந்த நேரத்தில் வேறு கதை ஓடியது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருஷத்துக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள், 912 கோடி ரூபாய் ஒதுக்கீடு. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு பத்தாயிரம். டெண்டர் விட்டது எல்காட். நெக்ரோபான்டி மாதிரி புதுப் பெட்டி கண்டுபிடிக்கப் போகாமல், கடையில் கிடைக்கும் சாதாரண லேப்டாப்பையே லட்சக்கணக்கில் வாங்கினால் விலை இறங்கும் என்பது கணக்கு. உலகத்தில் பாதிப் பேர் குட்டித் திரையோடு மல்லுக்கட்டியபோது நம்ம அரசு மொத்தக் கொள்முதல் என்ற பழைய மளிகைக்கடை உத்தியைப் பிடித்தது. இலவசம் சரியா தப்பா என்று சண்டை போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கியது, தமிழிலேயே பட்டியல்கள் வரும். எங்க பெரியம்மா மகள் அக்காவுக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும்போது ஒன்று கிடைத்தது. கொண்டுவந்த வாரமே ஒரு அண்ணன் போஸைத் தூக்கிவிட்டு "இடம் காலியாச்சு" என்று சொல்லிக் கொடுத்தார். அதைத் திறந்தே பார்க்கவில்லை என்று அக்கா இப்போதும் சொல்வாள். அவள் அந்த லேப்டாப்பில்தான் நர்சிங் முடித்தாள்.

2019-20க்குப் பிறகு திட்டம் நின்றது. எங்க செட்டு சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்தோம். 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்தில் டேப்லெட்டோ லேப்டாப்போ என்று அறிவிப்பு வந்தபோது எங்க வகுப்பில் விசில் பறந்தது.

மாமா பெட்டிக்கு வருகிறேன். 120 ஜிபி எஸ்எஸ்டி, பழைய 2 ஜிபி நினைவகம், ரெண்டும் சேர்த்து ஆயிரத்து நானூறு செலவு. அதில் இருப்பது இன்டெல் ஆட்டம் என்270, 2008ஆம் வருஷச் சில்லு. 32 பிட் மட்டும். டேலி பிரைம் 64 பிட் விண்டோஸில்தான் ஓடும், ஆகவே டேலி காலேஜ் லேபோடு சரி. டெபியன் 12 போட்டேன், லேசான டெஸ்க்டாப்போடு. திரை உயரம் 600 புள்ளிதான். சில பெட்டிகளில் "சரி" பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை மேலே இழுக்கணும். இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க வீணானது.

இழுத்தது அதிக நேரம் தமிழ்தான். மாமா நோட்டில் பனையேறிகள் பெயரையெல்லாம் ஆங்கில முதலெழுத்தில் எழுதியிருப்பார். முன்பணம் கொடுத்தது, சிப்பம் வந்தது, கழித்தது, மீதி. யார் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சீசன் முடிவில் கணக்குப் பார்க்கும்போது வருஷம் ஒரு சண்டையாவது வரும். ஐபஸ்ஸில் தமிழ்99 போட்டு, லிப்ரே ஆபீஸில் ஆளுக்கு ஒரு தாள், முழுப் பெயரோடு. 1999 சென்னை மாநாட்டில் முடிவான அந்த விசைப்பலகை பழக எனக்குப் பத்து நாள் ஆனது.

இதில் ஒரு பழைய கதை ஞாபகம் வரும். 1554இல் லிஸ்பனில் தமிழ் மறைக்கல்விப் புத்தகம் ஒன்று அச்சானது. தமிழ்ச் சொற்கள், ஆனால் ரோமன் எழுத்தில். நாம் செல்போனில் "தங்கிலீஷ்" அடித்தோமே, அதேதான், நானூற்றைம்பது வருஷம் முன்னாடி. தமிழ் எழுத்தையே வார்த்து, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாக 24 வருஷம் பிடித்தது. பதினாறே பக்கம். அதைச் செய்த அண்டிரிக் அடிகளார் ஊழியம் பார்த்தது எங்க முத்துக்குளித்துறையில். வேம்பாரும் அந்த ஏழு துறைகளில் ஒன்று. எந்தப் பெட்டி வந்தாலும் நம்ம எழுத்தை உள்ளே ஏற்றுவது தனி வேலையாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்த சீசன் கணக்கு முடிக்கும்போது ஒரு தாத்தா வந்தார். பத்து அங்குலத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அவர் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். வைகாசியில் கொடுத்த ரெண்டு சிப்பம் வரவு வைக்கவில்லை என்றார். நோட்டைப் புரட்டினோம். அவர் சொன்னது சரி, மாமா அதை அதே முதலெழுத்துள்ள இன்னொருவர் பேரில் எழுதியிருந்தார். மாமா ஒன்றும் பேசாமல் காசை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி என்னிடம் மட்டும், "எத்தனை வருஷமா இப்படி எழுதியிருக்கேனோ" என்றார்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. அதில் 32 பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு எழுதுகிறவர்கள்தான் குறைகிறார்கள். இப்போதைக்கு டெபியன் 12இலேயே ஓட்டுகிறேன். பேட்டரி நாற்பது நிமிஷம் நிற்கிறது. தூத்துக்குடி பஸ்ஸில் மடியில் வைத்து வைப்பாறு தாண்டும்வரை தட்டலாம், அதற்கு மேல் அணைந்துவிடும். அடுத்த பதநீர் சீசனுக்குள் ஒரு பேட்டரி தேடணும். யாரிடமாவது பழைய பத்து அங்குலப் பெட்டி சும்மா கிடந்தால் ஆக்கருக்குப் போடாதீர்கள், சொல்லி அனுப்புங்கள்.