கருங்கல்லின் பூர்வீகம்

கோலாலம்பூரிலிருந்து பெந்தோங்கிற்கோ, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கோ பயணம் செய்தவர்கள், சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் அந்தக் கல்லைக் கண்டிருப்பார்கள். சாம்பல் நிறக் கல். அதன் நடுவே கட்டங்கட்டமாக வெள்ளைத் துண்டுகள். ஆங்காங்கே கறுப்புப் பொட்டுகளாகக் காக்காய்ப்பொன். அதனைக் கருங்கல் என்று அழைக்கிறோம். பெயரில் இருக்கிற கருமை கல்லில் அவ்வளவாக இல்லை. போகட்டும், பெயர் நிலைத்துவிட்டது.

நம் தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் இந்தக் கல்லால் ஆனது. அது மழையிலும் வெயிலிலும் உக்கிப் போன மண்ணிலேதான் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் உண்டாயின. மண் ஆராய்ச்சியாளர்கள் ரெங்கம் வகை என்று பெயரிட்டுள்ள மண் கருங்கல்லின் பிள்ளையே. ஆனால் அந்தக் கருங்கல் யாருடைய பிள்ளை? வகுப்பில் ஏதாவதொரு மாணவன் எழுந்து, "ஐயா, இந்தக் கல் எதிலிருந்து வந்தது?" என்று கேட்டால், "பூமிக்கு அடியிலிருந்து உருகி வந்தது" என்று சொல்லி நாம் உட்காரச் சொல்லிவிடுகிறோம். அது தவறான விடையன்று. ஆனால் பாதி விடை. உருகுவதற்கு முன்பு அது என்னவாக இருந்தது என்பதே மீதிக் கேள்வி. அந்த மீதிக் கேள்வியின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் ஆசிரியராக இருந்த வெர்னர், ஆதிகாலத்தில் உலகத்தை மூடியிருந்த கடல்நீரிலிருந்து படிந்ததே கருங்கல் என்று போதித்தார். அவருக்கு மாணவர் கூட்டம் பெரிது. இதற்கு மாறாக, ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஹட்டன் 1785ஆம் ஆண்டில் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கில், செந்நிறக் கருங்கல் நரம்பு நரம்பாக மற்றொரு பாறைக்குள் புகுந்து கிடப்பதைக் கண்டார். நீரில் படிந்த பொருள் அப்படிப் பாறையைப் பிளந்து புகாது. உருகிய குழம்புதான் புகும். இவ்வாறு முதற்பாதி விடை கிடைத்தது.

இரண்டாம் பாதிக்கு மேலும் நூற்றைம்பது ஆண்டுக் காலத்திற்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் பணியாற்றிய நார்மன் போவன், ஆழத்திலிருந்து எழும் கறுத்த பசால்ட் குழம்பு ஆறும்போது கனமான பொருள்கள் முதலில் பிரிந்துவிட, கடைசியில் எஞ்சும் மிச்சமே கருங்கல் என்றார். லண்டனில் எச். எச். ரீட் இதனை ஏற்கவில்லை. பழைய படிவுப் பாறைகளே ஆழத்தின் வெப்பத்தில் கருங்கல்லாக மாறின என்பது அவர் கட்சி. கருங்கல்லிலும் பல கருங்கற்கள் உண்டு என்று 1940களில் அவர் வாதிட்டார். இருவர் பக்கமும் அறிஞர்கள் திரண்டு நின்றார்கள். கல்லைக் கண்ணால் பார்த்தும், உருப்பெருக்கியின் கீழ் வைத்தும் இந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை. ஏனெனில், எந்த வழியில் பிறந்தாலும் கருங்கல் ஏறத்தாழ ஒரே முகத்தோடுதான் இருக்கிறது. முகம் ஒன்றாக இருக்கையில் வேறு அடையாளம் அல்லவா தேவை? அந்த அடையாளத்தை அணுவுக்குள்ளே கண்டார்கள்.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. எடையில் வேறுபட்டும் இரசாயனக் குணத்தில் ஒன்றாகவும் உள்ள இவ்வணுக்களுக்கு 1913ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் சாடி ஐசோடோப் என்று பெயரிட்டார். 1919இல் ஆஸ்டன் என்பார் கேம்பிரிட்ஜில் அமைத்த கருவி அவற்றை எடைவாரியாகப் பிரித்துக் காட்டியது. இனி நாம் கவனிக்க வேண்டியவை ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம் என்ற இரண்டு தனிமங்களே. எடை 87 உள்ள ருபீடியம் மெல்ல மெல்லச் சிதைந்து, எடை 87 உள்ள ஸ்ட்ரான்ஷியமாக மாறுகிறது. எவ்வளவு மெதுவாக என்றால், இருப்பதில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் வேண்டும். எடை 86 உள்ள ஸ்ட்ரான்ஷியமோ கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே 86க்கு 87 எத்தனை பங்கு என்று கணக்கிட்டால், அந்த விகிதம் காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ருபீடியம் பூமியின் மேலோட்டில் மிகுதி. அதற்குக் கீழே உள்ள மூடகத்தில் மிகக் குறைவு. பூமி தோன்றியபோது எங்கும் 0.699 ஆக இருந்த அந்த விகிதம், மூடகத்தில் இன்றைக்கும் 0.703 அளவிற்கே ஏறியிருக்கிறது. பழைய மேலோட்டுப் பாறைகளிலோ 0.72, 0.73 என்று உயர்ந்து செல்கிறது. பாறை உருகும்போது இந்த விகிதம் மாறுவதில்லை. எனவே, ஒரு கருங்கல் பிறந்த அன்றைக்கு அதனிடம் இருந்த விகிதத்தை அறிந்தால், அதன் தாய் எது என்று சொல்லிவிடலாம்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருந்த விகிதத்தை இன்றைக்கு எப்படி அறிவது? தோட்டத்துக் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தை நினைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குப் புதுப் பக்கம் திறக்கிறார். எல்லாப் பக்கத்திலும் முன்பாக்கி என்று ஒரே தொகையை எழுதுகிறார். அசல் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. வட்டி ஒரே வீதம். சில காலம் கழித்து முன்பாக்கியும் வட்டியும் சேர்ந்த தொகை மட்டுமே நமக்குத் தெரிகிறது. அசல் அதிகமானவருக்கு அத்தொகை அதிகம். அசல் குறைந்தவருக்குக் குறைவு. இவற்றை வரைபடத்தில் குறித்தால் எல்லாம் ஒரு நேர்கோட்டில் விழும். கோட்டின் சரிவு எத்தனை காலம் ஆயிற்று என்பதைச் சொல்லும். அசலே இல்லாத ஒருவர் இருந்தால் எவ்வளவு காட்டும் என்று கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் முன்பாக்கி கிடைத்துவிடும். கல்லில் அசல் என்பது ருபீடியம். முன்பாக்கி என்பது பிறந்த நாளைய ஸ்ட்ரான்ஷியம் விகிதம். ஒரே கணக்கில் வயதும் கிடைக்கிறது, பூர்வீகமும் கிடைக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1903ஆம் ஆண்டில் ஸ்கிரிவனர் என்ற ஆங்கிலேயர் மலாய் மாநிலங்களின் நிலவியல் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். பத்து காஜாவில் அலுவலகம். ஈய லம்பங்களுக்கு வழிகாட்டுவது முக்கிய வேலை. கருங்கல்லில் புதைபடிவங்கள் இருப்பதில்லை என்பதால், அக்காலத்தில் அதன் வயதை அக்கம்பக்கத்துப் பாறைகளை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது. 1977ஆம் ஆண்டில் பிக்னெல், ஸ்நெல்லிங் என்ற இருவர், தீபகற்பம் முழுவதும் திரட்டிய கருங்கற்களை ஐசோடோப் முறையில் அளந்து, முடிவுகளை லண்டனில் நூலாக வெளியிட்டனர். 1985இல் டி. சி. லியூவும் மெக்கல்லக்கும் நியோடிமியம் என்ற மற்றொரு தனிமத்தையும் சேர்த்து அளந்தார்கள்.

கிடைத்த விடை என்ன? கிழக்கே பகாங், திரெங்கானு பகுதிகளின் கருங்கற்கள் பலவற்றில் முன்பாக்கி விகிதம் 0.71க்குக் கீழே நின்றது. மேற்கே தித்திவங்சாத் தொடரில் அது 0.71ஐத் தாண்டி, சில இடங்களில் 0.73க்கும் மேலே சென்றது. ஒரே தீபகற்பம், இரண்டு பூர்வீகம்! மேற்கத்திய மலைகளின் பெரும்பகுதி புதிதாக ஆழத்திலிருந்து வந்ததன்று. ஏற்கெனவே இருந்த பழைய மேலோடு மீண்டும் உருகி எழுந்தது. ஆஸ்திரேலியாவில் சாப்பெல், வைட் என்ற இருவர் 1974இல் கருங்கற்களைப் படிவுப் பாறையில் பிறந்தவை, எரிமலைக் குழம்புப் பாறையில் பிறந்தவை என்று இரண்டாகப் பிரித்திருந்தனர். நம் நாட்டிலும் மேற்கு முதல் வகை, கிழக்கு இரண்டாம் வகை என்று பாடநூல்கள் எழுதலாயின.

இவ்விரண்டுக்கும் நடுவே பெந்தோங், ரவுப் ஊர்களின் வழியே வடக்கு தெற்காக ஒரு வரி ஓடுகிறது. ஆழ்கடலில் படிந்த கற்கள் அங்கே மலைக்காட்டில் கிடக்கின்றன. முற்காலத்தில் அங்கே பெருங்கடல் ஒன்று இருந்தது. மேற்குப் பாதி, ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் சேர்ந்திருந்த தென்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து வந்து கிழக்குப் பாதியோடு மோதியது. கடல் மூடிற்று. தித்திவங்சாக் கருங்கல் அந்த மோதலை ஒட்டி எழுந்தது.

ஈயத்தின் கதையும் இதனோடு பின்னியது. தென்கிழக்காசியாவில் இதுவரை எடுத்த ஈயத்தில் பாதிக்கு மேல் இந்த மேற்குப் பகுதிக் கருங்கல்லைச் சார்ந்த படிவுகள் தந்தது. பழைய மேலோடு உருகியதால்தான் ஈயம் சேர்ந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கிழக்கே சுங்கை லெம்பிங்கிலும் ஆழமான ஈயச் சுரங்கம் 1986 வரை இயங்கிற்று. குழம்பு கடைசிவரை ஆறி, எஞ்சிய துளியில் ஈயம் திரண்டதா என்பதும் சேர்ந்தே கவனிக்கத்தக்கது. அந்த வகையில் போவனின் பழைய கருத்துக்கும் ஓரளவு இடம் இருக்கிறது.

இரண்டே பெட்டிகளில் மலைகளை அடைத்துவிட்ட பாடநூல் முறையும் அப்படியே நிலைக்கவில்லை. ருபீடியம் வெந்நீர் ஊடுருவினால் இடம்பெயரக்கூடியது. அதனால் பழைய வயதுகள் சில பிழைபட்டன. அதன்பின் சிர்க்கான் என்ற சிறு மணியை நாடினார்கள். யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கை அது பத்திரமாக வைத்திருக்கும். (இந்த ஈயம் காரீயம், லம்பத்து ஈயம் வெள்ளீயம்.) 2015இல் வெளியான சிர்க்கான் ஆய்வுகளின்படி கிழக்குக் கருங்கற்களின் வயது சுமார் 28.9 கோடி முதல் 22 கோடி ஆண்டு, மேற்கில் 22.7 கோடி முதல் 19.8 கோடி ஆண்டு. மேற்குக் கருங்கல்லை முழுக்கப் படிவுப் பாறையின் பிள்ளை என்பதைவிட, இரு வகையும் கலந்தது என்பதே பொருத்தம் என்றும் அவ்வாய்வாளர்கள் எழுதினர். ரீட் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று தோன்றுகிறது.

சில சிர்க்கான் மணிகளின் நடுவே, உருகாமல் தப்பிய பழைய கரு ஒன்றும் உண்டு. அவை காட்டும் வயது சுமார் 150 கோடியிலிருந்து 170 கோடி ஆண்டு. மலை பிறப்பதற்கு முன்பிருந்த நிலத்தின் நேரடிச் சாட்சி அது. இந்தச் சிர்க்கானைத் தேட மலையுச்சிக்கு ஏற வேண்டியதில்லை. ஈயக் கப்பல்கள் மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்தபின் எஞ்சிய கனமான கரிய மணலை அமாங் என்பார்கள். கிந்தாப் பள்ளத்தாக்கில் அது குன்று குன்றாகக் கிடந்தது. அந்த அமாங்கில் சிர்க்கானும் கலந்திருந்தது.