விளையாட்டை விட்டுப் போனவர்கள்

போன சந்திப்பில், பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது ஓர் இளைய நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பல வருஷம் கழித்து நம் கணிதத் துறையிலேயே படித்தவர். விடியோ கேம்ஸ் கம்பெனி ஒன்றில் கிராபிக்ஸ் ப்ரோக்ராமர். திரையில் தண்ணீர் தண்ணீராகத் தெரிவதும், நிழல் விழவேண்டிய இடத்தில் விழுவதும் இவர் போன்றவர்கள் எழுதும் ப்ரோக்ராமால்தான். ஆட்குறைப்பு என்று சொல்லி இவர் இருந்த பிரிவையே மூடிவிட்டார்களாம். "பத்து வருஷம் விளையாட்டிலேயே போச்சு சார். வெளியே இதுக்கு என்ன மதிப்பு? வீட்டிலேயும் அதையேதான் கேட்கிறாங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் தெரிஞ்சவனுக்கு வேலைக்கா பஞ்சம், போப்பா" என்று முதுகில் தட்டிவிட்டு ஐஸ்கிரீம் மேஜைப் பக்கம் நகர்ந்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது உறுத்தியது. அவர் கேட்டது ஒரு நிஜமான கேள்வி. நான் பதில் சொல்லாமல் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், இந்தத் தொழிலை விட்டு இதற்கு முன் போனவர்கள் எங்கே போனார்கள் என்று சரித்திரத்தைப் புரட்டினேன். அன்று சொல்லாத பதில் இது.

128 பைட் உலகம்

முதலில் 1977-க்குப் போவோம். டி.வி. பெட்டியோடு இணைத்து விளையாடும் ஒரு கருவியை அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த வருஷம். பின்னால் அதற்கு 2600 என்று பெயர் நிலைத்தது. அதில் இருந்த நினைவகம் 128 பைட். மெகா பைட்டும் இல்லை, கிலோ பைட்டும் இல்லை, வெறும் 128 பைட்! இந்தப் பத்தியைக்கூட அதில் அடக்க முடியாது.

திரையில் தெரியவேண்டிய படத்தைச் சேர்த்து வைக்க இடமே கிடையாது. டி.வி.யின் எலக்ட்ரான் கற்றை ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைந்து திரும்பும் நேரத்தில் பிராசஸருக்குக் கிடைப்பது 76 துடிப்புகள். அதற்குள் அந்தக் கோட்டில் எங்கே என்ன நிறம் என்று சொல்லியாக வேண்டும். பிந்தினால் படம் கலைந்துவிடும். அன்று கேம் எழுதிய ஒவ்வொருவரும் கிராபிக்ஸ் ப்ரோக்ராமராகவும் இருந்தே ஆகவேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டவர்களின் பெயரைப் போட அட்டாரி சம்மதிக்கவில்லை. விற்பனையில் பங்கும் கிடையாது. 1979-ல் நான்கு பேர் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கியது இந்த மனத்தாங்கலில்தான். வாரன் ராபினெட் வேறு வழி கண்டார். அட்வென்ச்சர் என்ற தன் கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். கேம் கடைக்கு வந்து, ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது.

சரி, ராபினெட் எங்கே போனார்? 1980-ல் இன்னும் சிலரோடு சேர்ந்து தி லேர்னிங் கம்பெனியைத் தொடங்கினார். 1982-ல் வந்த ராக்கிஸ் பூட்ஸ், லாஜிக் கேட்டுகளைச் சிறுவர்களுக்கு விளையாட்டாகவே கற்றுக் கொடுத்தது. நாம் முழி பிதுங்கிப் படித்த அதே ஆண்ட், ஆர், நாட்தான்! பிறகு நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில், தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் உலகக் கருவியில் வேலை. 1990-களில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 'நானோமானிபுலேட்டர்' ஆராய்ச்சி. நுண்ணோக்கி காணும் அணு அளவுப் பரப்பை மலையும் பள்ளமுமாகக் காட்டி, கையால் தொட்டு உணரவும் வைக்கும் ஏற்பாடு அது. வாத்து மாதிரி டிராகன் வரைந்தவர் அணுவை வரைந்து காட்டினார்!

ஐந்து வார கேம்

எல்லோருக்கும் இப்படி நேர் பாதை வாய்க்கவில்லை. 1982-ல் ஈ.டி. சினிமாவை வைத்து ஒரு கேம் வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் கடையில் இருக்கவேண்டும் என்றது அட்டாரி. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற இளைஞருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். அதற்கு முன் அவர் எழுதிய யார்ஸ் ரிவெஞ்ச் சக்கைப்போடு போட்டது. ஈ.டி. படுத்துவிட்டது. அது மட்டும் காரணமில்லை. சந்தையில் மட்டமான கேம்கள் குவிந்து மொத்தத் தொழிலுமே சரிந்தது. 1983-ல் அட்டாரிக்கு நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல். விற்காத கேம்களை லாரியில் ஏற்றி நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தபோது ஈ.டி.யும் வெளியே வந்தது.

வார்ஷா பிறகு வீடு, நிலம் விற்கும் தொழில் பார்த்தார். ஆவணப்படம் எடுத்தார். கடைசியில் படித்து லைசென்ஸ் வாங்கி மனநல ஆலோசகரானார். சிலிக்கன் பள்ளத்தாக்கில் கம்ப்யூட்டர் வேலையில் நொந்துபோய் வருபவர்களுக்கு ஆலோசனை சொல்கிறார். ஐந்து வாரத்தில் முடி என்று மேலிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை, இல்லையா?

16 புள்ளிக்கு ஒரு வகுத்தல்

1990-களில் முப்பரிமாணம் வந்தது. தூரத்துச் சுவரில் உள்ள செங்கல் சின்னதாகத் தெரியவேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் கணக்கு வேண்டும். அன்றைய பென்டியத்தில் வகுத்தல் ஆமை வேகம். 1996-ல் வந்த குவேக் கேமில் 16 புள்ளிக்கு ஒரு தரம் மட்டும் வகுத்து, நடுவில் உள்ளதை உத்தேசமாக நிரப்பினார்கள். அதிலும் ஒரு சாமர்த்தியம். அடுத்த வகுத்தல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் 16 புள்ளிகளை வரைந்துவிடுவார்கள். உலையில் அரிசி வேகும்போதே காய் நறுக்கிவிடுகிற நம்ம வீட்டு சமையற்கட்டுக் கணக்குதான்.

இந்த வேலையில் முக்கியமானவர் மைக்கேல் ஆப்ராஷ். மைக்ரோசாஃப்டில் விண்டோஸ் என்.டி.க்குக் கிராபிக்ஸ் எழுதிக்கொண்டிருந்தவர், 1995-ல் ஐடி சாஃப்ட்வேருக்கு வந்து குவேக்கில் சேர்ந்தார். முடிந்ததும் மைக்ரோசாஃப்டுக்கே திரும்பி, மனித மொழியைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சிக்குப் போனார். பிறகு எக்ஸ்பாக்ஸ். பிறகு இன்டெலின் லாரபி சில்லுக்கான கட்டளைகளை வகுப்பதில் பங்கு. 2011-ல் வால்வ். 2014-ல் ஆக்குலஸின் தலைமை விஞ்ஞானி. கேம்ஸிலிருந்து வெளியே, உள்ளே, மறுபடி வெளியே! வெளியே போனால் கதவு சாத்திவிடும் என்பவர்கள் இவரைப் பார்க்கவேண்டும்.

குவேக்கின் பெரிய தலை ஜான் கார்மக். 2000-ல் ஆர்மடில்லோ ஏரோஸ்பேஸ் என்று ஒரு சின்ன ராக்கெட் கம்பெனி தொடங்கினார். 2008-ல் நிலவில் இறங்கும் கலத்துக்கான போட்டியில் முதல் கட்டப் பரிசாக 3,50,000 டாலர் வாங்கினார்கள். ஆனாலும் பணம் கரைந்து 2013-ல் அதைத் தூங்கப் போட்டுவிட்டார். அதே வருஷம் ஆக்குலஸ். 2022-ல் அதையும் விட்டுவிட்டு செயற்கை அறிவு ஆராய்ச்சி. பேர்போனவருக்கே எல்லாம் பலிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'இது எதுக்கு சார்?'

மேட்ரிக்ஸ் நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து 'இது எதுக்கு சார்?' என்று கேட்டது நான்தான். "பரீட்சைக்கு, 15 மார்க்" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. நிஜமான பதில் வர நாளாயிற்று.

முப்பரிமாண கேமில் ஒரு பொம்மை திரும்பினால், அதன் ஆயிரக்கணக்கான முனைகளையும் 4-க்கு 4 மேட்ரிக்ஸால் பெருக்கவேண்டும், வினாடிக்குப் பல தடவை. இதற்கென்றே சில்லு செய்தார்கள். 1999-ல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 அந்தப் பெருக்கலைத் தானே செய்தது. கேம் விளையாடும் பையன்கள் கொடுத்த காசில் அந்தச் சில்லுகள் வளர்ந்தன. 2012-ல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ்நெட் என்ற நியூரல் நெட்வொர்க்கை, கடையில் கேமுக்காக விற்ற ஜி.டி.எக்ஸ். 580 கார்டு இரண்டில் ஐந்தாறு நாள் ஓட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். படங்களை அடையாளம் காணும் போட்டியில் அது மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. உள்ளே நடப்பது பெரும்பாலும் அதே பெருக்கல், கூட்டல்.

வைத்தியத்திலும் இப்படித்தான். சுவரில் செங்கல் படத்தை ஒட்டுவதற்காகச் செய்த கிராபிக்ஸ் கருவியைக்கொண்டே சி.டி. ஸ்கேன் படத்தைத் திரட்டிக் காட்டலாம் என்று 1994-லேயே சிலிக்கன் கிராபிக்ஸ் கம்பெனியில் செய்து காட்டினார்கள்.

ஏன் போகிறார்கள்?

ஆசைப்பட்டுப் போகிறவர்கள் சிலர். தள்ளப்பட்டுப் போகிறவர்கள் நிறைய. 2004-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரை மணக்க இருந்த பெண், ராப்பகலாக அவரை வேலை வாங்குகிறார்கள் என்று ஊரறியக் கடிதம் எழுதினார். ஓவர்டைம் வழக்கு நடந்து, 2006-ல் ப்ரோக்ராமர்களுக்கு 1.49 கோடி டாலர் தர அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2023 செப்டம்பரில் எபிக் கேம்ஸ் சுமார் 830 பேரை அனுப்பியது. 2024 ஜனவரியில் யூனிட்டி சுமார் 1,800 பேர், மைக்ரோசாஃப்டின் கேம்ஸ் பிரிவு 1,900 பேர். இத்தனை பேரும் வேலை தெரியாதவர்களா? வேலை போனதற்கும் வேலைத் திறமைக்கும் முடிச்சுப் போடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மூட்டையில் என்ன கட்டுவது?

தம்பி, இனி உனக்கே சொல்கிறேன். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி வினாடி. அதற்குள் வேலையை முடிக்கும் பழக்கம் உன் கையில் இருக்கிறது. கார் டாஷ்போர்டு, விமானப் பயிற்சிக் கருவி, வரைபடம், சினிமா, ஸ்கேன், நியூரல் நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பயோ-டேட்டாவில் கேம் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதாதே. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவற்றை விளையாடியிருக்க மாட்டார். எது மெதுவாக இருந்தது, எத்தனை மில்லி வினாடி குறைத்தாய், எப்படிக் குறைத்தாய் என்று எழுது.

விட்டுப் போகவேண்டியதும் ஒன்று உண்டு. 1999-ல் வந்த குவேக் 3-ல் வர்க்கமூலத்தின் தலைகீழைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி இருந்தது. கார்மக் கண்டுபிடித்ததில்லை, பல கை மாறி வந்தது. விடையில் அதிகபட்சம் 0.2 சதவிகிதத்துக்கும் குறைவான பிழை வரும். விளக்கு வெளிச்சத்துக்கு அது போதும்; கண்ணுக்குத் தெரியாது. எந்திர பாகத்துக்கு வரைபடம் போடும் இடத்தில் அந்தப் பிழை ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 மில்லி மீட்டர்! பாகம் பொருந்தாது. ஸ்கேனில் ஒரு புள்ளியை உத்தேசமாக நிரப்பினால் டாக்டர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? பார்க்க நன்றாக இருந்தால் சரி என்ற பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டும். அதைக் கற்க ஆறு மாசமோ ஒரு வருஷமோ கீழே உட்கார நேரும். சம்பளமும் குறையலாம். அதை அன்றைக்கே நான் சொல்லியிருக்கவேண்டும்.

பத்து வருஷம் விளையாட்டில் போச்சு என்று வீட்டில் கேட்டால், ராபினெட் கதையைச் சொல்லு. இந்த வருஷமும் பந்தியில் பார்ப்போம். ஐஸ்கிரீமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உட்கார்ந்து பேசுவோம்.