பழைய கார்களில் எஞ்சின் சூடேற்றம்: பழுதறியும் முறையின் வரலாறு

பழைய கார் ஒன்றின் எஞ்சினில் பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பகுதியைக் குளிர்விப்பு அமைப்புதான் வெளியேற்ற வேண்டும். அது தவறினால் சில நிமிடங்களிலேயே சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கட் போய், சிறு செலவில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே பிரித்துப் பார்ப்பதில் முடியும்.

இந்த அமைப்பு ஒரே நாளில் உருவானதல்ல. முன்பிருந்த ஒரு குறையைப் போக்கவே ஒவ்வொரு உறுப்பும் சேர்க்கப்பட்டது. சேர்ந்த ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு பழுதையும் கொண்டுவந்தது. எனவே, இதன் வரலாற்றை அறிந்தவருக்குச் சூடேற்றத்தின் காரணங்களும் விளங்கிவிடும்.

ஆவியே குளிர்வித்த காலம்

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் சென்றது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மகன்கள் இருவருடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் சென்றபோது வழிநெடுகிலும் நீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆவி பறப்பது அன்று பழுதன்று; வண்டி இயங்கும் முறையே அதுதான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நீர் மீதம் இருக்கிறதா? இன்றும் சோதனையின் முதல் படி அதுவே.

ரேடியேட்டரும் விசிறியும்

1900-ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்காக வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். 6 மி.மீ. அளவுள்ள 8,070 சதுரக் குழாய்கள் அதில் இருந்தன. காற்றுப்படும் பரப்பு பெருகியதால் குறைந்த நீரே போதுமானது. மெதுவாகச் செல்லும்போது காற்று போதாது என்பதால் பின்புறம் விசிறியும் பொருத்தப்பட்டது.

இதோடு வந்த பழுது அடைப்பு. உள்ளே உப்புப் படிவும் துருவும், வெளியே தூசியும் பூச்சிகளும் நீரின் அல்லது காற்றின் வழியை மறிக்கும். பழுதறிதலில் ஒரு முக்கியமான பாகுபாடும் இங்கேதான் தோன்றியது. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் விசிறியின் பக்கம் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ நீரோட்டக் குறைவையோ ஐயுற வேண்டும்.

பம்பும் பெல்ட்டும்

1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் முதல் 2,500 வண்டிகள் அளவில் மட்டுமே நீர் பம்ப் இருந்தது. பின்னர் வந்தவற்றில் சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயல்பே நீரைச் சுழற்றியது. கெட்டுப்போகப் பம்பே இல்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் நீர்மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் ஓட்டம் நின்றுவிடும்.

எஞ்சின்களின் ஆற்றல் கூடியபோது பம்ப் திரும்பி வந்தது. இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினில் ஒரே ஃபேன் பெல்ட் விசிறியையும் பம்பையும் டைனமோவையும் சுழற்றியது. ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்து, சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும் என்று பானட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் கசிந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

முள் சொல்லும் பொய்

1912-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் ரேடியேட்டர் மூடியின் மேல் நின்ற ஒரு வெப்பமானி. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதைப் பார்க்க முடிந்தது. பின்னர் வெப்பமானி டேஷ்போர்டுக்கு வந்தது. ஆனால் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் முள் உண்மை சொல்லும். நீர் முழுதும் வெளியேறிவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழிறங்கக்கூடும். உயர்ந்த முள் திடீரென இறங்கினால் ஆறுதல் அடையாமல் வண்டியை நிறுத்துவதே சரி. சில பழைய பிரிட்டிஷ் வகைக் கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே உயரும். அங்கே பழுது எஞ்சினில் அல்ல, இரண்டுக்கும் மின்சாரம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரில் இருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டும் அழுத்த மூடியும்

எஞ்சின் விரைவில் தக்க சூட்டை அடைய வேண்டும் என்பதற்காகத் தெர்மோஸ்டாட் வந்தது. தொடக்கத்தில் இருந்த துருத்தி வகை, கசிந்து கெட்டால் பெரும்பாலும் திறந்த நிலையில் நின்றது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய மெழுகு வகை உறுதியானது. ஆனால் அது மூடிய நிலையிலும் சிக்கிக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சின் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முள் உச்சிக்குப் போய், மேல் ஹோஸ் இன்னும் குளிர்ந்தே இருந்தால் ஐயம் இதன்மேல்தான்.

அழுத்த மூடி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 121 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தாலே நல்ல எஞ்சினும் கொதிக்கும். மலிவான உறுப்பு இது. ஆனாலும் கடைசியாகவே பலர் இதைப் பார்க்கிறார்கள்.

சோதிக்கும் வரிசை

• எஞ்சின் நன்றாக ஆறிய பின் நீர்மட்டம், கசிவு, மூடியின் வளையம்.
• பெல்ட்டின் இறுக்கம், விசிறியின் சுழற்சி, ரேடியேட்டரின் வெளி அடைப்பு.
• ஹோஸ்களின் சூடு. வேகத்தில் கீழ் ஹோஸ் உள்ளொடுங்குகிறதா என்பதும்.
• தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுநீரில் இட்டு, அதில் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்த்தல்.
• குளிர்விப்பு அமைப்பு நன்றாக இருந்தும் சூடேறினால் பற்றவைப்பு நேரம் பிந்தியிருத்தல், விடாமல் பிடிக்கும் பிரேக்.
• நீரில் ஓயாத குமிழி, வெள்ளைப் புகை, எண்ணெயில் பால் நிறம்: இவை ஹெட் கேஸ்கட் போனதன் அடையாளங்கள்.

வழக்கத்திலுள்ள தவறுகள்

வெப்பமான ஊர்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உண்டு. அப்போது எஞ்சின் தக்க சூட்டை எட்டாமல் தேய்மானம் மிகும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியிலேயே சுற்றுவதால் சூடு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். கிணற்று நீரையோ போர்வெல் நீரையோ ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். கூலன்ட் கலந்த தூய நீரே ஏற்றது.

சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அழுத்தம் விலகியதும் 100 பாகைக்கு மேலிருக்கும் நீர் நொடியில் ஆவியாகிப் பொங்கி முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைச் சட்டென ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகத் திறந்துவிடலாம். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். அப்படியும் முள் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.