பாதாளத் தவளை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்கடியில் வாழும் நீர்நிலவாழ்வி. ஊதிய பலூன்போல் உப்பிய உடல், கடுகளவு கண், பன்றியினுடையதுபோல் நீண்டு வெளுத்த மூக்கு நுனி, ஊதாவும் சாம்பலும் கலந்த தோல். பெண் தவளை ஏறத்தாழ 7 செ.மீ. நீளம் இருக்கும், ஆண் அதைவிட மிகச் சிறியது. மாவேலி மன்னனைப்போல் ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து எழுந்து வருவதால் கேரளத்தில் இதற்கு மாவேலித் தவளை என்றும் பெயர். அறிவியல் பெயரான நாசிகாபட்ராகஸ் சாஹ்யாத்ரென்சிஸ் என்பதில் மூக்கும் தவளையும் சஹ்யாத்ரி மலையும் சேர்ந்திருக்கின்றன.

அறிவியலுக்கு இதன் குஞ்சுதான் முதலில் தெரிந்தது. 1918-வாக்கில் விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் தென்னிந்திய மலையோடைகளில் பிடிபட்ட ஒரு விநோதத் தலைப்பிரட்டையை விவரித்தார். தாய் யாரென்று தெரியவில்லை. வளர்ந்த தவளை 2003-இல்தான் நேச்சர் இதழில் வெளிவந்தது, எஸ். டி. பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் ஃபிராங்கி பாசுய்ட்டும் எழுதிய கட்டுரை அது. மாதிரி கிடைத்த இடம் இடுக்கி மாவட்டம். மலைவாசிகளுக்கோ இந்தத் தலைப்பிரட்டை புதிதல்ல. அவர்கள் அதைப் பிடித்து உண்டுவந்தவர்கள்.

இத்தனை காலம் கண்ணில் படாததற்குக் காரணம் உணவுதான். இரைக்காகவே பல தவளைகள் வெளியே வர, இது மண்ணுக்குள்ளேயே கறையானைத் தின்று காலம் தள்ளுகிறது. பின்னங்காலில் மண்வெட்டிபோன்ற தடிப்பு உண்டு. அதனால் பின்புறமாகவே தோண்டி இறங்கும். ஆனால் முட்டைக்கு ஓடு இல்லை, நீர் வேண்டும். எல்லா நீர்நிலவாழ்விகளையும் ஈரத்தோடு கட்டிப்போடும் இந்த விதி, பாதாளவாசியையும் விடவில்லை. கோடைமழை இறங்கியதும் ஆண் மண்ணுக்குள்ளிருந்தே குரல் கொடுக்கிறது. தமிழ்ப் பழமொழியில் தன் வாயால் கெடும் நுணலும் மணலுக்குள் மறைந்திருப்பதுதான்; ஆய்வாளர்களுக்கும் அந்தக் குரலே துப்பு. ஆணை முதுகில் சுமந்தபடி பெண் ஓடைப் பாறையிடுக்குக்குச் சென்று ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சில நாள்தான், மறுபடி மண்.

தலைப்பிரட்டையும் சாதாரணமானதல்ல. குளத்துக் குஞ்சுகளைப்போல் மிதக்காமல், உறிஞ்சுவாயால் பாறையைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தில் தொங்கிக் கிடக்கும். ஓடையைத் தடுப்பணையால் மறித்தால் முதலில் பாதிக்கப்படுவது இதுவே.

இந்தத் தவளைக் குடும்பத்தின் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் வாழும் சின்னஞ்சிறு தவளைகளே அவை. இரு நிலங்களும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. உப்புநீர் தோலுக்கு ஆகாத விலங்கு கடலைக் கடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, நிலம்தான் நகர்ந்தது.

2017-இல் மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியிலிருந்து இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டது. கோவையில் பணிபுரிந்து, 2014-இல் அகத்தியமலைக் களப்பணியின்போது இறந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. கேரளத் தவளை வெளியே வரும் சித்திரை, வைகாசியில் இது வருவதில்லை. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறது.