மால், மடம், வாடிவீடு: வன்னியில் வழிப்போக்கர் தங்கிய இடங்கள்

‘வந்தாரை வாழவைக்கும் வன்னி’ என்ற தொடரை வன்னியைப் பற்றி எழுதுவோர் எவரும் விட்டுவைப்பதில்லை. வந்தவர் முதல் இரவு எங்கே படுத்தார் என்ற கேள்வியை மட்டும் நாம் அதிகம் கேட்டதில்லை. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களின் கடந்த இருநூறு ஆண்டுகளை இந்தக் கேள்வியோடு பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இங்கே தங்குமிடம் தனிக் கட்டடமாக எழுந்த காலங்களில் அது பெரும்பாலும் ஆட்சியின் கையிலேயே இருந்தது. சனங்கள் தங்கியது வீட்டு மாலிலும் கோயில் வீதியிலும்தான்.

மாலில் இருந்தே தொடங்க வேண்டும். வன்னியின் பழைய வளவுகளில் குடும்பம் புழங்கும் வீட்டுக்கு முன்னால், சற்றுத் தள்ளி, மூன்று பக்கமும் திறந்த ஒரு கொட்டில் இருக்கும். வைக்கோல் அல்லது கிடுகுக் கூரை, சாணம் மெழுகிய மண் குந்து. மூலையில் நுகமும் கலப்பையும் சாத்தியிருக்கும். வளையில் இரண்டு மூன்று பாய்கள் சுருட்டிச் செருகியிருக்கும். அந்தப் பாய்கள் வீட்டாருடையவை அல்ல, வருகிறவர்களுக்கானவை. பொழுதுபட்டபின் வண்டியை அவிழ்த்துவிட்டு வருபவர் வாசலில் கால் கழுவிக் குந்தில் இருப்பார். “எந்த ஊர், ஆற்றை ஆள்?” என்று வீட்டுக்காரர் கேட்பார். பதிலில் ஏதாவதொரு உறவு அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டாலும் சோறு வரும். ஆனால் இதை முழுக்கப் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. அந்தக் கேள்விக்குள் சாதியும் இருந்தது. யார் குந்தில் இருக்கலாம், யார் முற்றத்து மரத்தடியோடு நிற்க வேண்டும் என்பதையும் அந்தப் பதில்தான் முடிவு செய்தது.

இங்கே சத்திர வணிகம் ஏன் வளரவில்லை? இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்களில் வாரச்சந்தையை ஒட்டியே விடுதிகள் பெருகின. லட்லோ நகரில் 1619 இல் கட்டப்பட்ட ‘ஃபெதர்ஸ்’ என்ற மரச்சட்ட வீடு அதே நூற்றாண்டிலேயே விடுதியாக மாறியது. விற்க வந்தவரும் வாங்க வந்தவரும் இரவு தங்கக் காசு கொடுத்தார்கள். வன்னியில் சனங்களைக் கூட்டியது சந்தை அல்ல, குளம். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், செட்டிகுளம் என்று ஊர்ப்பெயர்களே அதைச் சொல்லும். குளத்துக்குக் கீழே வயல், வயலை ஒட்டிச் சில குடிகள், அதற்கப்பால் அடுத்த குளம் வரை காடு. வழிப்போக்கர் தொகை சிறியது; மலேரியாக் காய்ச்சலின் பயம் பெரியது. விடுதி வைத்துப் பிழைக்க அங்கே இடமில்லை.

கூட்டம் சேர்ந்தது பொங்கலுக்குத்தான். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன், பங்குனி உத்தரத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரான். மாட்டுவண்டிகள் நிரை நிரையாக வரும். வண்டிக்குக் கீழே சாக்கை விரித்தால் அது படுக்கை, மூன்று கல்லை வைத்தால் அது அடுப்பு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்பு நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்த நாட்களில் முள்ளியவளையின் வீடுகளெல்லாம் மடங்களாகிவிடும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களுக்கும் இந்தப் பாதைதான். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக நடக்கும் அவர்களுக்குக் கோயில் மண்டபங்களே தங்குமிடம். அருவி வெட்டுக் காலத்தில் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் வயல் ஓரத்துக் காவற்கொட்டில்களில் மாதக்கணக்கில் இருந்தார்கள். இவை எதிலும் வாடகை இல்லை, பதிவேடும் இல்லை. அதனாலேயே ஆவணங்களைத் தேடிப் போகும் ஆய்வாளரின் கண்ணில் இவை படுவதில்லை.

ஆவணங்களில் இருப்பது அரசாங்கத்தின் ஓய்வு விடுதியான வாடிவீடு. அதன் வரலாறு கோட்டையில் தொடங்குகிறது. பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய சிறு கோட்டைக்குள் ஆங்கிலேயர் 1805 இல் ஒரு வாடிவீட்டை அமைத்தனர். ஆனையிறவில் கடல் நீரேரிக் கரையில் நின்ற ஒல்லாந்தக் கோட்டையும் பின்னாளில் வாடிவீடாகிற்று. இந்த மாற்றத்தின் காலத்தைக் கவனிக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலப் படையை வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் விரட்டியதும், பின்னர் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டதும் 1803 இல். அதற்கு இரண்டே ஆண்டுகளில் பூநகரிக் கோட்டைக்குள் அதிகாரி இளைப்பாற அறை தயாராகிவிட்டது. நாட்டைப் பிடித்தவர்கள் அடுத்துச் செய்த வேலை, அதைச் சுற்றிப் பார்த்து வரி மதிக்க வருகிற தங்கள் ஆட்களுக்கு இரவுத் தங்கல் ஒழுங்கு செய்ததுதான்.

‘வாடி’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. கொக்கிளாய், நாயாறு கரைகளில் பருவத்துக்குப் பருவம் வந்து தொழில் செய்யும் கடற்றொழிலாளர் போடும் தற்காலிகக் கொட்டில் வாடி. மரம் அடுக்கும் இடமும் வாடிதான். காற்றுத் திரும்பினால் கழற்றிக்கொண்டு போகிற அந்தக் கொட்டிலின் பெயரை ஓட்டுக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட அரசாங்கக் கட்டடத்துக்குச் சனங்கள் வைத்தார்கள். இதில் ஒரு கணிப்பு இருப்பதாகவே நான் கருதுகிறேன். அங்கே தங்குகிறவர் ஊரில் நிலைப்பவர் அல்லர் என்பதை ஊர் அறிந்திருந்தது.

கண்டி–யாழ்ப்பாண வீதி வண்டிப் பாதையாகச் சீர்பட்ட 19 ஆம் நூற்றாண்டில் வாடிவீடுகள் அதன் ஓரமாக வரிசை பிடித்தன. ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணமே இடைத்தூரத்தின் அளவு. வண்டி மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் குளக்கட்டை அண்டியே இடம் பார்த்தார்கள். பழைய வழிப்போக்கர் கண்ட தங்கல்களையே அரசும் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். உள்ளே மட்டும் வேறு உலகம். கடமையில் வரும் அதிகாரிக்கே முன்னுரிமை. மற்றவர் இடம் விட்டுக் கொடுக்க வேண்டும். சுவரில் கட்டண விபரம், மேசையில் பதிவேடு, பின்னால் குசினி. ஊர்ச் சனம் அந்தக் குசினிக்குக் கோழியும் முட்டையும் விறகும் கொண்டுபோனது. விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் அது இருந்ததில்லை. வன்னியின் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட ‘வன்னி மாவட்டங்களின் கைந்நூல்’ இன்றும் எமக்குத் தவிர்க்க முடியாத ஆதாரம். ஆனால் அது ஓர் அதிகாரியின் பார்வை. மாலில் படுத்தவரின் வன்னியை நாம் வேறிடங்களில்தான் தேட வேண்டும்.

1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதும் வண்டிக்காலத் தங்கல்கள் களையிழந்தன. யாழ்ப்பாணத்துப் பயணி வன்னியை உறக்கத்தில் கடந்தார். முறிகண்டி மட்டும் தப்பியது. எந்த வாகனமானாலும் அங்கே நின்று, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும். 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கிய பின்னர் நகரமும், தேநீர்க்கடையும், கடைக்கு மேலே வாடகை அறையும் வந்தன. சாதாரண சனங்களுக்குக் காசுக்குப் படுக்கை என்ற வழக்கம் வன்னிக்கு வந்து நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பிறகு வந்தவர்கள் வழிப்போக்கர் அல்லர். 1977 வன்செயலில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாக் காட்டோரங்களுக்கு வந்தன. காந்தியம் அமைப்பு அவர்களுக்கு நிலமும் குடிலும் தேடிக் கொடுத்தது. 1990 யூனில் போரினால் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி இடம்பெயர்ந்தபோது பல்லாயிரம் பேர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குள் வந்தார்கள். பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் நிரம்பிய பின்னர் அவர்களை ஏற்றது அந்தப் பழைய மால்தான். நடுவில் ஒரு சேலை மறைப்பு. இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. ஓரிரவு வழிப்போக்கருக்காக மெழுகிய குந்தில் பிள்ளைகள் பிறந்தன. ‘வாழவைக்கும்’ என்ற சொல்லுக்கு வன்னி கொடுத்த விலை அது.

அதே காலத்தில் வவுனியாவில் லொட்ஜுகள் பெருகின. ‘பாஸ்’ எனப்பட்ட பயண அனுமதிக்காகக் காத்திருப்பவர், கொழும்புக்குப் போய் வெளிநாடு ஏற இருப்பவர், முகாமில் இருக்கும் உறவைப் பார்க்க வந்தவர் என்று அறைகள் ஒழியவேயில்லை. பாஸில் எழுதிய நாள் முடிந்தால் அறையும் முடிந்தது. அறை கிடைக்காதவர்களுக்குப் பூந்தோட்டம் போன்ற ‘நலன்புரி நிலையங்கள்’ இருந்தன. 2002 ஏப்ரலில் கண்டி–யாழ்ப்பாண வீதியான ஏ–9 மீண்டும் திறந்தபோது கிளிநொச்சியில் தொண்டு நிறுவனங்களின் விருந்தினர் இல்லங்கள் எழுந்தன. 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவுப்படி அந்த நிறுவனங்கள் வெளியேறிய நாளில், போக வேண்டாம் என்று சனங்கள் வாசலில் கூடி நின்று மன்றாடினார்கள். அடுத்த ஆண்டு, போரின் முடிவில், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் வெள்ளைக் கூடாரங்களுக்குள், முட்கம்பிக்குப் பின்னால், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி என்ற பெயர்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. தங்குமிடங்களின் வரலாற்றில் மெனிக் பாமைச் சேர்ப்பது பொருந்துமா என்று நெடுநாள் யோசித்தேன். வன்னியில் அரசு கட்டிய தங்குமிடங்களில் மிகப் பெரியது அதுதான். விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறாகாது.

போர் முடிந்ததும் நந்திக்கடல் ஓரத்திலும் சுண்டிக்குளத்திலும் இராணுவமே உல்லாச விடுதிகளை நடத்தியது. பூநகரிக் கோட்டைக்குள் வாடிவீடு எழுந்த 1805 இலிருந்து இதற்கு ஒரு நேர்கோடு போகிறது. ஏ–9 ஓரத்தில் தனியார் விடுதிகளும் இப்போது வரிசையாக நிற்கின்றன: குளிரூட்டிய அறை, வாகனத் தரிப்பிடம், வாசலில் அடையாள அட்டை இலக்கம் எழுதும் கொப்பி. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கமாக உள்ளே திரும்பினால் அவற்றின் தொகை சட்டென்று குறைகிறது.

கடந்த வைகாசியில் வற்றாப்பளையில் நின்றேன். கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் சிலர் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார்கள். விடியமுன் எழும்பிப் பாயைச் சுருட்டியவர்களில் ஒரு அம்மாவிடம் அடுத்த இரவு எங்கே தங்கல் என்று கேட்டேன். “கோயில் இருந்தால் கோயில், இல்லாட்டி ஆற்றையும் வீடு, தம்பி” என்றார். போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு தெற்கே நடக்கத் தொடங்கினார்.