முடக்கமும் மருத்துவச் செலவும்: அமெரிக்கக் கட்சிகளின் கணக்கு

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள்கள் முடங்கிக் கிடந்தது. அந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன் இவ்வளவு நீண்ட முடக்கம் நிகழ்ந்ததில்லை. ஒபாமாகேர் என்று அறியப்படும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பிரீமியத்தைக் குறைக்கத் தரப்பட்ட கூடுதல் வரிச்சலுகை அவ்வாண்டோடு காலாவதியாக இருந்தது. அதை நீட்டிக்க வேண்டும் என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் அரசைத் திறப்போம், பிறகு பேசலாம் என்றது குடியரசுக் கட்சி.

நாடாளுமன்ற ஆட்சிமுறையில் நிதி மசோதா தோற்றால் வழக்கமாக ஆட்சியே கவிழும். அமெரிக்காவிலோ ஆட்சி அப்படியே இருக்கும், அலுவலகங்கள்தான் மூடப்படும். இது பழைய மரபும் அல்ல. நிதி ஒதுக்கீடு இல்லாத துறை பணியை நிறுத்தியாக வேண்டும் என்று 1980இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி தந்த சட்டக் கருத்திலிருந்தே இன்றைய முடக்க வழக்கம் பிறந்தது. செனட்டில் ஒரு மசோதாமீதான விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும் என்ற விதியும் இதோடு சேரும்போது, சிறுபான்மைக் கட்சியின் கையிலும் ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. 2025இல் குடியரசுக் கட்சிக்கு இருந்தவை 53 இடங்களே.

மருத்துவச் செலவை முன்வைத்து நடந்த பெரிய முடக்க மோதல்களில் 2025இல் நடந்தது மூன்றாவது. 1995இல் அவைத்தலைவர் நியூட் கிங்ரிச் தலைமையில் குடியரசுக் கட்சியினர், முதியோருக்கான மெடிகேர் பிரீமியத்தை உயர்த்தும் பிரிவை இடைக்கால நிதி மசோதாவோடு இணைத்து அனுப்பினர். அதிபர் கிளிண்டன் அதைத் தம் தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார். இரண்டு முடக்கங்கள் வந்துபோயின. மறு ஆண்டே கிளிண்டன் மீண்டும் வென்றார். 2013இல் அதே கட்சி ஒபாமாகேருக்கு நிதியை நிறுத்தக் கோரியது. அக்கட்சியின் டெட் குரூஸ் செனட்டில் 21 மணி நேரம் பேசினார். 16 நாள் முடக்கத்துக்குப் பின் கிடைத்தது, மானியம் பெறுவோரின் வருமானத்தைச் சரிபார்க்கும் ஒரு சிறு விதி மட்டுமே. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்த முடக்கம் தொடங்கிய நாளிலேயே காப்பீட்டுக்கான அரசு இணையதளம் திறக்கப்பட்டு, திறந்தவுடன் திணறியது. எதிர்க்கட்சிக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. ஆனால் செய்திகளின் முதல் இடத்தைப் பிடித்தது அவர்களே உண்டாக்கிய முடக்கம்.

இரண்டு முறையும் முடக்கத்தால் எதையோ பறிக்க அல்லது உயர்த்த முயன்றார்கள். 2025இல் ஜனநாயகக் கட்சி மக்கள் கையில் ஏற்கெனவே இருந்ததைக் காக்கக் கேட்டது. கருத்துக்கணிப்புகளில் அக்கட்சிக்கு ஆதரவு நிலைத்ததற்கு இந்த வேறுபாடே முதல் காரணம். கேஎஃப்எஃப் ஆய்வு அமைப்பின் கணிப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் சலுகையை நீட்டிக்க வேண்டும் என்றனர். குடியரசுக் கட்சி ஆதரவாளர்களிலும் அதுவே பெரும்பான்மைக் கருத்து. இத்திட்டத்தில் ஃபுளோரிடாவில் மட்டும் சுமார் 47 லட்சம் பேர் சேர்ந்திருந்தனர். அதிபர் டிரம்ப் வென்ற மாநிலம் அது.

இந்தச் சலுகை 2021இல் கொரோனா நிவாரணச் சட்டத்தில் வந்தது. பழைய விதிப்படி, வறுமைக்கோட்டைப் போல் நான்கு மடங்குக்குமேல் வருமானம் உள்ளவருக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது. புதிய விதி அந்த வரம்பை நீக்கி, நடுத்தரமான ஒரு காப்பீட்டுத் திட்டத்துக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்குமேல் செலுத்த வேண்டியதில்லை என்றாக்கியது. சலுகை போனால் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவருக்கும் வயது 60, ஆண்டு வருமானம் 85,000 டாலர். இருவர் கொண்ட குடும்பத்துக்குப் பழைய வரம்பு 84,600 டாலர். அந்த 400 டாலர் கூடுதலாக இருப்பதால் மானியம் முழுவதும் போய்விடும். அவர்கள் ஆண்டுக்கு 22,600 டாலருக்குமேல் அதிகமாகச் செலுத்த நேரிடும் என்று கேஎஃப்எஃப் கணக்கிட்டது. மெடிகேர் வயதான 65க்கு இன்னும் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியவர்கள் இவர்கள். காப்பீட்டைக் கைவிடவும் முடியாது, கட்டணத்தைக் கட்டவும் முடியாது.

காலத்தையும் ஜனநாயகக் கட்சி கவனமாகவே தேர்ந்தது. மார்ச் மாதத்தில் நிதி மசோதாவுக்கு வழிவிட்ட அக்கட்சியின் செனட் தலைவர் சக் ஷூமர் சொந்தக் கட்சியினரின் கோபத்துக்கு ஆளாகியிருந்தார். அக்டோபரில் விலகி நின்றால், அரசு மூடியிருக்கும்போதே அடுத்த ஆண்டின் பிரீமியத் தொகை மக்கள் கண்ணில் படும். காப்பீட்டுப் பதிவு தொடங்குவது நவம்பர் 1. நவம்பர் 4இல் வர்ஜீனியாவிலும் நியூஜெர்சியிலும் ஆளுநர் தேர்தல்களில் ஜனநாயகக் கட்சி வென்றது. தோல்விக்கு முடக்கமும் ஒரு காரணம் என்று டிரம்பே தம் கட்சி செனட்டர்களிடம் சொன்னார்.

குடியரசுக் கட்சியின் உத்தி வேறு. அவைத்தலைவர் மைக் ஜான்சன் செப்டம்பர் 19இல் இடைக்கால மசோதாவை நிறைவேற்றிவிட்டு, நவம்பர் 12 வரை பிரதிநிதிகள் சபையை வாக்கெடுப்புக்குக் கூட்டவே இல்லை. சட்டவிரோதமாகக் குடியேறியவர்களுக்கு மருத்துவம் தரவே எதிர்க்கட்சி போராடுகிறது என்ற பிரச்சாரம் நாள்தோறும் நடந்தது. அப்படிக் குடியேறியவர்கள் இந்த மானியத்தைப் பெறச் சட்டத்திலேயே இடமில்லை. பிரச்சாரத்தைவிட வலுவாக வேலை செய்தது காலக்கணக்கு. பிரீமிய உயர்வின் வலி ஜனவரியில்தான் வரும். முடக்கத்தின் வலியோ உடனே வந்தது. ஏறக்குறைய 4.2 கோடிப் பேர் நம்பியிருந்த உணவு உதவி நவம்பர் 1 முதல் நின்றது. கையிருப்பு நிதியைப் பயன்படுத்துங்கள் என்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகும் முழுத்தொகையைத் தர மறுத்து உச்ச நீதிமன்றம்வரை சென்றது நிர்வாகம். இந்த மோதலில் மிகக் கொடிய செயல் இதுதான். ஊதியமின்றி வேலை பார்த்த விமானக் கட்டுப்பாட்டாளர்கள் பலர் பணிக்கு வராத நிலையில், நவம்பர் 7 முதல் 40 விமான நிலையங்களில் சேவை குறைக்கப்பட்டது.

அரசின் சேவைகளை நம்பும் மக்களைத் தன் ஆதரவாளர்களாகக் கொண்ட கட்சிக்கு, அரசை மூடிவைத்துப் போராடுவது உள்ளிருந்தே கிழிக்கும் உத்தி. நவம்பர் 9 இரவு அது வெளிப்பட்டது. ஜனநாயகக் கட்சித் தரப்பில் தொடக்கத்திலிருந்தே மசோதாவை ஆதரித்த மூவரோடு மேலும் ஐவர் சேர, 60–40 என்று கதவு திறந்தது. அந்த எண்மரில் இருவர் ஓய்வு பெறுகிறவர்கள். மற்ற எவருக்கும் 2026இல் தேர்தல் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தவை ஜனவரி 30 வரை நிதி, ஆண்டு முழுவதற்குமான உணவு உதவி, முடக்கக் காலப் பணிநீக்கங்கள் ரத்து, டிசம்பரில் சலுகைமீது ஒரு வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்பு டிசம்பர் 11இல் நடந்தது. குடியரசுக் கட்சியினர் நால்வர் ஆதரித்தும் 51–48 என்று 60ஐ எட்டாமல் தோற்றது.

இதைச் சரணாகதி என்று கட்சியின் இடதுசாரிகள் சாடினர். அந்தத் தீர்ப்பு முழுவதும் சரியல்ல. ஜனவரியில் குடியரசுக் கட்சியின் 17 உறுப்பினர்கள் தம் தலைமையை மீறி வாக்களித்து, மூன்றாண்டு நீட்டிப்பைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்ற உதவினர். முடக்கம் இல்லாதிருந்தால் அந்த நெருக்கடி அவர்கள் தொகுதிகளில் எழுந்திருக்காது. பிரச்சினையை நாட்டின் முன் வைக்க முடக்கம் பயன்பட்டது. ஆனால் கோரிக்கையைச் சட்டமாக்கும் வலிமை முடக்கத்துக்கு 1995இலும் இல்லை, 2013இலும் இல்லை, 2025இலும் இல்லை.

சலுகை 2025 டிசம்பர் 31இல் முடிந்தது. அந்த முடிவுத் தேதியை 2022 ஆகஸ்டில் சட்டத்தில் எழுதியவர்கள், அப்போது இரு அவைகளையும் வெள்ளை மாளிகையையும் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சியினர்தான்.